ஏட்டுச் சுரைக்காயும் தாய்சேய் நலமும்

பல ஆண்டுகளுக்கு முன், வறுமையில் வாடும் மாணவர்க்குக் காலையில் பாலும் பயறும் வழங்கும் சிறு திட்டமொன்றைப் பெற்றோர் சிலரின் துணையோடு எங்கள் பள்ளியில் தொடங்கினோம். கணக்கெழுத ஏடு ஒன்று வேண்டியிருந்தது. அதனைக் கோடிட்டு வகுத்தவன் நானே. நாள், மாணவர் தொகை, குவளைகளின் தொகை, செலவான வெள்ளி என நான்கு கட்டங்கள். ஆண்டிறுதியில் பெற்றோர் கூட்டத்தில் அவ்வேட்டைப் பெருமிதத்தோடு விரித்துக் காட்டினேன், கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்தபின், புதிதாகப் பணிக்கு வந்திருந்த ஆசிரியை ஒருவர் தயங்கியபடியே அருகில் வந்து, "ஐயா, பால் குடித்த பிள்ளைகள் தேறியிருக்கிறார்களா?" என்று வினவினார். என்னிடம் விடை இல்லை. பள்ளியில் எடை பார்க்கும் பொறி இருந்தது. ஆயினும், அந்த ஏட்டில் எடைக்கென ஒரு கட்டம் இல்லை.

அவ்வாசிரியை எழுப்பிய வினாவின் பெரிய வடிவத்தையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் நலம் சேர்ப்பதற்கென உலகெங்கும் புதிய திட்டங்கள் நாள்தோறும் தோன்றுகின்றன. புதிய கருவி, புதிய மருந்து, புதிய பயிற்சி எனப் பல உருவில் வரும் இவற்றைப் 'புத்தாக்கம்' என்னும் ஒரே சொல்லால் இன்று குறிக்கிறோம். அரசுகளும் அறநிலையங்களும் இவற்றுக்குக் கோடிக்கணக்கில் பொருள் வழங்குகின்றன. எதனைக் கண்டு வழங்குகின்றன? வழங்கியபின் எதனை அளக்கின்றன? 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது முன்னோர் மொழி. ஏட்டில் காய்த்த சுரைக்காயை எண்ணி மகிழும் பழக்கம் நலத்துறையில் ஆழ வேரூன்றியிருக்கிறது என்பதும், அப்பழக்கத்தைக் களைவதற்கு நேர்மையான மதிப்பீடும் அதனைத் தாங்கும் பொறுமையுள்ள பொருளுதவியும் வேண்டும் என்பதும் என் துணிபு.

அளவையின்றி வந்த புதுமை

புதுமை என்ற பெயரோடு வருவன எல்லாம் நன்மை தரா என்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் மண்ணிலேயே சான்று உண்டு. சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். அதற்குமுன் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில், அஃதாவது இன்றைய கானாவில், பணியாற்றி, ஊட்டக்குறைவால் குழந்தைகளை வாட்டும் குவாஷியோர்கர் நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தவர் அவர். இங்கு வந்தபோது வேறொரு துயரத்தைக் கண்டார். டின்னில் அடைத்த இனிப்புக் கெட்டிப்பால் கைக்குழந்தைகளுக்கு ஏற்ற உணவென விளம்பரப்படுத்தப்பட்டு வந்தது. தாதியரைப் போல் உடையணிந்த விற்பனைப் பெண்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்மாரிடமே சென்று அதனைப் பரிந்துரைத்தனர்.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவ்வம்மையார் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்' என்பதாகும். தலைப்பே அவர் நெஞ்சின் கொதிப்பைக் காட்டும். அக்காலத்தில் டின் பாலும் ஒரு புத்தாக்கமாகவே கருதப்பட்டது. அதற்கு முதலிட்டோர் அளந்தது விற்பனையை. விற்ற டின்களின் தொகை ஏற ஏறத் திட்டம் வெற்றி என்றாயிற்று. பால் குடித்த சிசு என்ன ஆயிற்று என்பதற்கு அவ்வேட்டில் இடமில்லை. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பதற்கு உலக அளவில் ஒழுங்குவிதி வகுக்கப்பெற்றது 1981இல்தான். எச்சரிக்கைக் குரலுக்கும் விதிக்கும் இடையே 42 ஆண்டுகள்! மதிப்பீடு இல்லாத புதுமைக்கு இறுதியில் விலை கொடுப்பது யார் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக உணர்த்துகிறது.

எண்ணிய பின் தொடங்கியோர்

வணிகர் தந்த புதுமையை விடுத்து, தொண்டுள்ளம் தந்த புதுமை ஒன்றை இனி நோக்குவோம். அதற்குமுன் என் குடும்பக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது.

நான் தோட்டத்தில் பிறந்தவன். எனக்கு மூத்தவளாக ஓர் அக்காள் பிறந்தாள். ஒன்பது நாள் மட்டுமே வாழ்ந்தாள். பிறந்த அன்று மருத்துவச்சி வந்தார். பேரேட்டில் பிறப்பு பதிவாயிற்று. அதன்பின் லயத்து வீட்டின் படியை எவரும் மிதிக்கவில்லை. குழந்தை பால் குடிக்க மறுத்ததையும், உடல் சில்லிட்டதையும் அம்மா ஒருவர்தாம் பார்த்திருந்தார். பின்னாளில் அதனைப் பற்றி அவர் ஒரே ஒரு முறை பேசினார். "எழுதிக்கிட்டுதாம்பா போனாங்க. புள்ளைய யாரும் தொட்டுப் பாக்கல." அவ்வளவே. தாய்சேய் நலத் திட்டங்களைப் பற்றி நான் படித்த நூல்களுள் எதுவும் இவ்விரண்டு தொடர்களைப்போல் என்னைச் சிந்திக்க வைத்ததில்லை.

பிறந்து 28 நாளுக்குள் மடியும் இத்தகைய பச்சிளங்குழந்தைகளைக் காக்கவே அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் மகாராட்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் ஒரு முறையை வகுத்தனர். காடு சூழ்ந்த, பழங்குடி மக்கள் மிகுந்த, மருத்துவமனை எட்டாத வட்டாரம் அது. ஊர்ப் பெண் ஒருத்தியைத் தேர்ந்து பயிற்றுவித்தல். அவள் குழந்தை பிறந்த வீட்டுக்குப் பலமுறை சென்று பார்த்தல். மூச்சுத்திணறல், உடற்குளிர்ச்சி, கிருமித்தொற்று ஆகியவற்றைக் கண்டறிதல். தேவையாயின் அவளே ஊசி போடுதல். இதுவே அம்முறை. மருத்துவர் அல்லாத ஒருவர் கையில் ஊசியைக் கொடுப்பது துணிவு மிக்க செயல். துணிவு மிகும்போது மதிப்பீடும் கடுமையாக இருத்தல் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

1993 முதல் 1995 வரை இரண்டு ஆண்டுகள், பிறப்பையும் இறப்பையும் எண்ணும் பணியே நடந்தது. முறை நடைமுறைக்கு வந்த ஊர்கள் 39; ஒப்பு நோக்குவதற்கென விடப்பட்ட ஊர்கள் 47. இரு பிரிவிலும் ஒரே வகையில் கணக்கெடுத்தனர். 1995இல் பணி தொடங்கியது. தொடக்கத்தில் ஆயிரம் குழந்தைகளுக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு, மூன்றாம் ஆண்டில் 26ஐ ஒட்டி இறங்கியது. ஒப்பீட்டு ஊர்களில் இத்தகைய வீழ்ச்சி இல்லை. 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இம்முடிவு வெளியாயிற்று. 2011இல் இந்திய அரசு இதனையொட்டிய வீட்டுப் பராமரிப்பு முறையை ஆஷா பணியாளர் வாயிலாக நாடெங்கும் மேற்கொண்டது.

இதிலும் குறை காணலாம். காண்பதே திறனாய்வின் கடமையுமாகும். ஊர்கள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவை அல்ல. அத்தம்பதியரின் இடையறாத மேற்பார்வை அங்கே இருந்தது. நாடு முழுவதும் பரவும்போது அந்த மேற்பார்வையும் உடன் பரவும் எனச் சொல்ல முடியாது. எனினும் அவர்களுடைய ஏட்டில் இருந்த முதல் கட்டம் குழந்தையின் உயிர். இதுவே அம்முயற்சியின் பெருமை.

பட்டியல் நிறைந்தது; உயிர்?

இதற்கு நேர் எதிரான பாடமொன்றும் இந்தியாவிலேயே உண்டு. மகப்பேற்றின்போது செய்யத்தக்க இன்றியமையாச் செயல்களை ஒரு தாளில் வரிசைப்படுத்தி, பேறு பார்க்கும் தாதியர் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியலை உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கியது. கை கழுவுதல், தாயின் இரத்த அழுத்தம் பார்த்தல், குழந்தையைத் தாயின் மேனியோடு அணைத்து வெப்பம் காத்தல் போன்ற எளிய செயல்களே அவை. கர்நாடக மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் முதலில் இதனைச் சோதித்தனர். 29 செயல்களுள் சராசரி 10 மட்டுமே நடந்துவந்த இடத்தில், பட்டியல் வந்தபின் 25 நடந்தன. 2012இல் வெளியான இம்முடிவைக் கண்டு மகிழாதார் யார்?

ஆயினும், அச்சோதனை அளந்தது செயல்களை. உயிர்களை அளக்கும் அளவுக்கு அது பெரியதன்று. ஆகவே 2014 முதல் 2016 வரை உத்தரப் பிரதேசத்தில் 24 மாவட்டங்களில் 120 மருத்துவ நிலையங்களைத் தேர்ந்து பெரும் ஆய்வொன்று நடத்தப்பட்டது. கேட்ஸ் அறக்கட்டளை பொருள் வழங்கியது. பாதி நிலையங்களில் பட்டியலும், அதனைப் பின்பற்றத் துணைநிற்கும் பயிற்றுநரும். மறு பாதியில் வழக்கமான முறை. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரும் குழந்தைகளும் இவ்வாய்வில் அடங்கினர். பயிற்சி தொடங்கிய இரண்டாம் மாதத்தில் இன்றியமையாச் செயல்கள் ஒரு பிரிவில் 73 விழுக்காடும் மறு பிரிவில் 42 விழுக்காடும் நடந்தன. பட்டியலை மட்டும் பார்ப்போர்க்கு இது வெற்றி. குழந்தை இறப்பு, தாய் இறப்பு, தாயின் கடும் உடற்கோளாறு ஆகியவற்றை ஒருங்கே எண்ணிப் பார்த்தபோதோ, ஒரு பிரிவில் 15.1 விழுக்காடு, மறு பிரிவில் 15.3 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே கொள்ளவேண்டும்.

செயல்கள் பெருகியும் உயிர்கள் ஏன் காக்கப்படவில்லை? பட்டியல் ஆபத்தை அறிய உதவும். அறிந்தபின் அறுவை செய்ய மருத்துவரும், ஏற்ற இரத்தமும், பெரிய மருத்துவமனைக்கு விரைந்து செல்ல வண்டியும் வேண்டும். மேலும், பயிற்றுநர் விலகியபின் செயல்களின் அளவும் சரிந்தது. வகுப்பறையில் நாம் நாள்தோறும் காணும் உண்மையே இது. மேற்பார்வையாளர் வரும் நாளில் குறிப்பேடுகள் எல்லாம் நிறைந்திருக்கும். மாணவன் உள்ளம் நிறைந்ததா என்பது வேறு வினா.

ஒன்றைப் பாராட்டியே ஆகவேண்டும். தங்கள் முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்பதை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. 2017இல் அனைவரும் அறிய வெளியிட்டனர். முதற் சோதனையோடு நின்றிருந்தால், தாள்கள் கோடிக்கணக்கில் அச்சாகியிருக்கும். தாய்மார் நிலை அப்படியே இருந்திருக்கும். தோல்வியை உள்ளவாறு உரைக்கும் ஆய்வும் ஒரு வகையில் உயிர்க்காப்பே எனலாம்.

பொருள் வழங்குவோரின் கடமை

இனி, பொருள் வழங்கும் முறையை நோக்குவோம். 2011இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமும், நார்வே அரசும், கேட்ஸ் அறக்கட்டளையும், கனடாவின் நிதியமைப்பு ஒன்றும், உலக வங்கியும் இணைந்து, பிறப்பின்போது உயிர்காக்கும் புதுமைகளுக்கென ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கின. முதலில் சிறு விதைப்பணம். பயன் தெரிந்தபின் விரிவாக்கத்துக்குப் பெரும்பணம். இஃது அறிவுடைய ஏற்பாடே. ஆனால் விதைப்பணத்தின் காலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். கட்சிரோலியில் இறப்புகளை எண்ணி முடிப்பதற்கே இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதை நினைவில் கொள்ளுங்கள். கால எல்லை குறுகும்போது ஆய்வாளர் எதனை அளப்பார்? விரைவில் கிடைப்பதை அளப்பார். பயிற்சி பெற்றோர் எத்தனை பேர், வழங்கிய கருவிகள் எத்தனை என்பனவே விரைவில் கிடைக்கும். ஏட்டுச் சுரைக்காய் காய்ப்பதற்கு இதனினும் ஏற்ற நிலம் வேறில்லை.

'பயனுக்கே பணம்' என்னும் புதிய முறையும் வந்துள்ளது. இராஜஸ்தானில் 2017இல் தொடங்கப்பெற்ற 'உத்கிருஷ்ட்' பத்திரம் இதற்கு எடுத்துக்காட்டு. முதலீட்டாளர் முன்பணம் தருவார். குறித்த பயன் விளைந்தது எனத் தனி மதிப்பீட்டாளர் உறுதி கூறினால் மட்டுமே உதவி நிறுவனங்கள் அப்பணத்தைத் திருப்பித் தரும். கேட்பதற்கு இனிய ஏற்பாடு. ஆனால் பணம் தருவதற்குப் பயனாகக் கொள்ளப்பட்டது எது? சிறு தனியார் மருத்துவமனைகள் தரச்சான்றுக்குரிய தகுதியை அடைவது. காக்கப்பட்ட உயிர்களின் தொகை நேரே எண்ணப்படாமல், கணிப்பால் பெறப்பட்டது. தரம் உயர்வது நன்றே. அதனை நான் மறுக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தின் பாடத்தைக் கற்றவர்க்கோ ஓர் ஐயம் எழாமல் இராது. சான்றிதழ் சுவரில் தொங்கும்போது தொட்டிலில் குழந்தை நலமாக உறங்குகிறதா?

மற்றொரு கவலையும் உண்டு. முன்னர்க் கூறிய அமெரிக்க உதவி நிறுவனம் 2025 ஜூலையில் தன் உதவிப் பணிகளை முடித்துக்கொண்டது. அதற்குமுன்பே, அதே ஆண்டு பிப்ரவரியில், 1984 முதல் அதன் பொருளுதவியால் ஏறத்தாழ 90 நாடுகளில் தாய்சேய் நிலையைக் கணக்கிட்டு வந்த ஆய்வுத் திட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர் வேறு நிதியுதவியால் அதன் ஒரு பகுதி தொடர வழி பிறந்தது என்பது ஆறுதல். பணம் குறையும்போது முதலில் வெட்டுண்பது எண்ணும் பணியே என்பதை இது காட்டுகிறது. மருந்து நின்றால் மக்கள் கேட்பர். எண்ணுவது நின்றால் கேட்பதற்கு எவரும் இலர்.

நம் நாட்டுப் பாடம்

'முதலில் உதவுங்கள், அளப்பது பிறகு இருக்கட்டும். ஆய்வு முடியும்வரை தாய்மார் காத்திருப்பதா?' என்று சிலர் வினவுவர். நியாயமான வினா. இதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. அளப்பதைச் செயலுக்குப் பின் வைக்காமல் செயலோடு இணைத்துவிடுவதே அவ்விடை.

மலேசியாவில் கிராமங்கள்தோறும் தாய்சேய் நல நிலையங்களும், பயிற்சி பெற்ற மருத்துவச்சியரும், கருவுற்ற தாயின் ஆபத்து நிலையைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என நிறத்தால் காட்டும் அட்டைமுறையும் படிப்படியாக அமைந்தன. 1991இல் சுகாதார அமைச்சு வேறொரு முறையைத் தொடங்கியது. மகப்பேற்றையொட்டி மடியும் ஒவ்வொரு தாயின் இறப்பையும் தனித்தனியே, பெயர் வெளியிடாமல் ஆராயும் முறை அது. குற்றவாளியைத் தேடுவது அதன் நோக்கமன்று. எங்கே தாமதம், எங்கே பிழை, அடுத்த தாயை எவ்வாறு காப்பது என அறிவதே நோக்கம்.

விளைவு என்ன தெரியுமா? ஏட்டில் இருந்த எண் உயர்ந்தது! அதுவரை பதிவுக்கு வாராத இறப்புகளும் வெளிச்சத்துக்கு வந்தமையால், முந்திய ஆண்டுகளின் எண்ணை வெகுவாக விஞ்சி, 1991இல் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 44 தாய் இறப்புகள் எனப் பதிவாயிற்று. குறைந்த எண்ணைக் காட்டிப் புகழ் பெறுதல் எளிது. உயர்ந்த எண்ணைக் கண்டும் அஞ்சாது ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு நேர்மை வேண்டும். தன் மதிப்பெண் குறையும் என்று தெரிந்தும் விடைத்தாளை நேர்மையாகத் திருத்தும் ஆசிரியரின் நேர்மை அது.

பொருள் வழங்குவோர்க்கு நான் கூற விழைவன இவையே. திட்டத்துக்குப் பணம் தரும்போதே எண்ணுவதற்கும் பணம் தருக. தொடங்குமுன் எண்ணுவதற்குக் காலம் தருக. தோல்வியை மறைக்காமல் உரைப்போர்க்கு அடுத்த முறையும் உதவுக. இல்லையேல் எல்லாரும் வெற்றியையே எழுதுவர். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்பது வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்த நெறி. அந்நெறி மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. மருத்துவத்துக்குப் பொருள் தருவோர்க்கும் உரியது.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! இஃது எங்கோ பெரிய மன்றங்களில் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் என எண்ணிவிடாதீர்கள். அந்த இளம் ஆசிரியையின் வினாவுக்குப் பின், மறு ஆண்டு எங்கள் பள்ளி ஏட்டில் ஐந்தாவது கட்டம் ஒன்றை வரைந்தேன். மாதந்தோறும் எடை பார்த்தோம். பலர் தேறினர், சிலர் தேறவில்லை. தேறாதவருள் ஒருத்தியை அழைத்து, அன்போடு கேட்டோம். நாள்தோறும் தன் பங்குப் பாலைத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு சென்றிருக்கிறாள். வீட்டில் கைக்குழந்தை, நோயுற்ற தாய்க்குப் பால் சுரக்கவில்லை. அன்று மாலையே இரண்டு ஆசிரியர்கள் அவ்வீட்டுக்குச் சென்றனர். மறுநாள் தாயும் சேயும் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

முதலாண்டு ஏட்டில் அப்பெண் வெறும் ஒரு குவளையாக மட்டுமே இருந்தாள். ஐந்தாவது கட்டம்தான் அவளை எங்கள் கண்ணுக்குக் காட்டியது.